பேர் சொல்லாத வீடு

"எந்த வெள்ளக்காரன்?" என்று கேட்டார் சாம்சன் சார்.

மாரிச்செல்விக்குச் சுருக்கென்றது. வரலாற்றுத் துறை அறையில் மின்விசிறி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்ற, அவள் எழுதிக் கொடுத்திருந்த ப்ராஜெக்டின் முதல் பக்கத்தை அது தூக்கித் தூக்கிப் போட்டது. சார் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, 'வெள்ளைக்காரன் காலத்தில் இறந்துபோன கன்னிப்பெண்' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார். அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது.

"சொல்லும்மா. கும்பெனிக்காரன் காலமா, ராணி காலமா, உப்பு காய்ச்சினாங்களே அந்தக் காலமா? வெள்ளக்காரன் இங்கன ஒருநாள் ரெண்டுநாளா இருந்தான்?"

"எங்க வீட்டுல அப்படித்தான் சார் சொல்லுதாக."

"வீட்டுல ஆயிரம் சொல்லுவாக. யார் சொன்னா, எப்பச் சொன்னா, எதுக்குச் சொன்னான்னு கேக்கத்தான மூணு வருஷமா இங்கன வந்து உக்காந்திருக்க? பேரு இல்ல, வருஷம் இல்ல, எப்படிச் செத்தான்னு இல்ல. இதக் கதைன்னு சொல்லு, ஒத்துக்கிடுதேன். ஹிஸ்டரின்னு சொல்லாத."

கதை என்று அவர் சொன்னதுதான் அவளுக்கு ஆற்றமாட்டாமல் போயிற்று. வகுப்பில் பாதிப் பேர் சங்கரநாராயணர் கோயில் என்று தலைப்பு வாங்கியிருந்தார்கள். மீதிப் பேர் ஆடித்தபசு. அதிலும் முக்கால்வாசி, போன வருஷத்துப் பிள்ளைகள் எழுதியதை அட்டையை மட்டும் மாற்றி பைண்டிங் போட்டுக்கொண்டு வந்தவை. அதற்கெல்லாம் சார் கோடு போடவில்லை. வெளியே வராந்தாவில் கூடப் படிக்கும் விஜிதா காத்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, பேசாமக் கோயிலுக்கு வந்துரு. சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, மார்க்கு வாங்குன மாதிரியும் ஆச்சு. ஊருல இல்லாத பேயப் புடிச்சுக்கிட்டு அலையுத."

"பேய் இல்லட்டி. எங்க வீட்டுச் சாமி."

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சா அதையே எழுது. அதுக்கே முழு மார்க்கு போட்டுருவாரு."

மாரிச்செல்வி ஆசைப்பட்டு வரலாறு படிக்க வந்தவள் இல்லை. பி.காம் கேட்டாள், கிடைக்கவில்லை, கிடைத்ததை எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதனால் எதைப் படிக்கிறாள் என்பதைவிட, படிக்கிறாள் என்பதே அப்பா சிவனாண்டிக்குப் போதுமானதாக இருந்தது. சொந்தக்காரர்கள்தான் கேட்பார்கள், செத்தவன் கதையைப் படிச்சு என்னத்துக்கு ஆகப்போகுது என்று. முதல் வருஷம் அவளும் அப்படித்தான் நினைத்தாள். ராஜாக்கள் வந்தார்கள், வெட்டிக்கொண்டார்கள், குளம் வெட்டினார்கள். இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் சாம்சன் சார் கல்வெட்டுப் பாடத்தை நிறுத்திவிட்டு, "இதுல என்ன எழுதியிருக்குன்னு எல்லாவனும் பாப்பான். என்ன எழுதலன்னு பாருங்க. கோயிலக் கட்டுனவன் பேரு இருக்கு. கல்லச் செமந்தவ பேரு எங்க?" என்று கேட்டார். அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு ஒரு கோபம். யாரைப் பார்த்தாலும், உம் பேரு எங்க போச்சு என்று கேட்கத் தோன்றும் கோபம்.

அந்தக் கோபத்தில்தான் வீட்டுக் கன்னியைத் தலைப்பாக எடுத்தாள்.

தென்பக்கத்தில் பல வீடுகளில் அப்படி ஒரு கன்னி உண்டு. கல்யாணம் ஆகாமல் அற்ப ஆயுசில் போய்ச் சேர்ந்த பெண் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருப்பாள் என்று, அவளுக்கு ஓர் ஓலைப்பெட்டியில் சேலை, வளையல், கண்ணாடி எல்லாம் வைத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கும்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியை இறக்கிப் புதுச் சேலை வைப்பார்கள். பெட்டியிலிருந்த பழைய சேலையை வீட்டில் கல்யாணம் ஆகாத பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். மாரிச்செல்வி வீட்டில் அதற்குத் தை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. சேலை கட்டியவள் பலகையில் உட்காருவாள். அந்த ஒரு பொழுதுக்கு அவள்தான் கன்னி. வீட்டிலுள்ள அத்தனை பேரும், வயசு வித்தியாசம் பாராமல், அவள் காலில் விழுந்து திருநீறு வாங்குவார்கள். போன வருஷம் வரைக்கும் பெரியப்பா மகள்தான் உட்கார்ந்தாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணமாகிப் போய்விட்டது. இந்த வருஷம் மாரிச்செல்வி.

இளையரசனேந்தல் பக்கத்துக் கிராமத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குக் குடிவந்தபோது, கட்டில் பீரோவெல்லாம் டெம்போவில் பின்னால் கிடக்க, அப்பா அந்தப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவளுக்கு அப்போது பத்து வயதிருக்கும். பெட்டிக்குள் இருப்பது யார் என்று கேட்டாள். "அது வெள்ளக்காரன் காலத்து ஆளு தாயி" என்றார். வழி நெடுக வேலிக்கருவைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சார் கோடு போட்ட அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி கேட்டாள்.

"எப்பா, கன்னிக்குப் பேரு என்னப்பா?"

சிவனாண்டி கூட்டுறவுச் சங்க ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து உதறி மறுபடியும் போட்டார்.

"சாமிக்கு என்னத்துக்குத் தாயி பேரு? கன்னின்னா கன்னிதான்."

"சாமியாகுததுக்கு முன்ன ஒரு பேரு இருந்திருக்கும்லா?"

"பரீச்சைக்குப் படி" என்றார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததே கிடையாது. மற்ற பிள்ளைகளின் அப்பாமார் பிரம்பெடுத்த காலத்தில் அவர் இவளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தார். கல்லூரிக்குப் பஸ் இருந்தும், காலையில் டிவிஎஸ் வண்டியில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் வாசலில் வந்து நிற்பார். நடந்து வந்துருவேன்ப்பா என்றால், "நான் இருக்கேன்லா" என்பார். அந்த நான் இருக்கேன்லாவைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

இரண்டு வாரம் கழித்து, கன்னி கும்பிடும் வெள்ளிக்கிழமைக்கு முன்னதாகத் துடைத்து வைப்பதற்காக அம்மா முத்துத்தாய் பெட்டியை இறக்கச் சொன்னாள். அப்பா இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போல நிற்காமல் வெளியே போய்விட்டார். அம்மா பழைய சேலையை எடுத்து மாரிச்செல்வி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, பெட்டிக்கடியில் சிவப்புத் துணி முடிச்சு ஒன்றை அவள் பார்த்தாள். பழைய சாமான், அதை மாற்றுவதில்லை, துடைத்துத் திரும்ப வைப்பதோடு சரி. அவிழ்த்தாள். நிறம் போன ரிப்பன். கண்ணாடி வளையல், பாதி உடைந்தது. அதோடு விரல் நீளத்துக்கு ஒரு காகித அட்டை. அட்டையில் வரிசையாக ஒட்டியிருந்தன, மெரூன் நிறத்தில், பாசிப்பயறு அளவில் ஸ்டிக்கர் பொட்டுகள்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைக்காரன் காலத்தில் எவள் ஸ்டிக்கர் பொட்டு வைத்தாள்? மண்ணைத் தோண்டினால் கிடைக்கிற ஓட்டுச் சில்லை வைத்து எந்தக் காலம் என்று சொல்ல முடியும் என்று பரீட்சையில் ஐந்து பக்கம் எழுதியவள் அவள். இந்த அட்டைக்கு ஐந்து பக்கம் தேவையில்லை. அம்மா சின்னப்பிள்ளையாக இருக்கையில் ஊருக்குள் வந்த சாமான் இது. இதை வைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்த கண்கள், அவளோடு பேசிய வாய்கள், இன்னும் இந்த ஊரில் நடமாடிக்கொண்டிருக்கின்றன. தொட்டபோது ஒரு பொட்டு பசை போயிருந்தும் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினாள், விழவில்லை.

"எம்மா, இது யாரு?"

"நான் வாக்கப்பட்டு வரும்போதே மேல தொங்குச்சு. எனக்கென்ன தெரியும்?" என்றாள் முத்துத்தாய். அட்டையை வாங்கிய வேகம் தெரியாதவள் வேகமாக இல்லை.

அதிலிருந்து மாரிச்செல்விக்கு வீட்டுக்குள் யாரோ நின்றுகொண்டிருப்பது போலவே இருந்தது. கண்ணாடி முன்னால் தலை சீவினால், தோளுக்குப் பின்னால் இன்னொருத்தி தன் முறைக்குக் காத்து நிற்பதுபோல. சொந்தத்தில் கல்யாணம் காதுகுத்து என்று போனால் சில கிழவிகள் அவள் தாடையைப் பிடித்து, "அப்படியே உரிச்சு—" என்று ஆரம்பித்து, பக்கத்தில் இருப்பவர்கள் இடித்ததும் வெற்றிலையை மெல்லுவார்களே, அதெல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. யாரை உரித்து? இத்தனை நாள் அம்மாவை என்று நினைத்திருந்தாள். அம்மா சாடை அவளிடம் துளிகூடக் கிடையாது.

பேர் கிடைத்தது தெற்கு ரத வீதியில். அப்பா வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தாள். கோயில் யானை எதிரே வர, வண்டிகளெல்லாம் ஒதுங்கி நின்றன. பூக்கடைக்காரி, ஆட்டோக்காரர், இடுப்பில் பிள்ளையை வைத்திருந்தவள் என்று எல்லோரும், "கோமதி, ஏ கோமதி, இங்கன பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. அந்தக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குள் ஏதோ பெயர்ந்து விழுந்தது.

அப்பா அந்தப் பேரைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு அது எப்படி முடியும்? இந்த ஊரில் அம்மன் பேர் கோமதி. யானை பேர் கோமதி. பாத்திரக்கடை, காபிக்கடை, மினிபஸ், தறிக்கூடம், திரும்பின பக்கமெல்லாம் கோமதி. பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு மூன்று கோமதி இருப்பார்கள். அப்பாவோ அம்மனைப் 'பெரியவ' என்பார். கோமதி காபி பாரை 'முக்குக் கடை' என்பார். அவள் கூடப் படித்த கோமதி வீட்டுக்கு வந்தால் 'அந்தப் பல்லுப் பிள்ள வந்திருக்கு' என்பார். அதற்கு அவள் சண்டைகூடப் போட்டிருக்கிறாள். ஒரு ஊரே நாள் முழுக்க உச்சரிக்கும் பேரை, நாக்கில் படாமல் சுற்றிச் சுற்றிப் போய் ஒருத்தர் பத்து வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறார்.

"எப்பா, ஆனை பேரு என்னப்பா?" என்று கேட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"ஆனைக்கு என்ன பேரு. ஆனைதான்."

"ஊரே கூப்பிடுதுலா. காதுல விழலியா?"

"வண்டி சூடாயிட்டு. இறங்கி நில்லு" என்றார். வண்டி சூடாகவில்லை. அவரே எஞ்சினை நிறுத்தியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் அம்மா காதருகே போய் அந்தப் பேரைச் சொன்னாள். மூன்றெழுத்து, அவ்வளவுதான். முத்துத்தாய் அகப்பையோடு திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"இந்த வீட்டுக்குள்ள அத எடுக்காத."

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு என்னட்டி செய்யச் சொல்லுத? எனக்கு வந்து சொன்னதே ஒரு கடைக்காரி. கல்யாணமாயி மறு மாசம் வளையல் வாங்கப் போனேன். எந்த வீட்டுக்கு வந்திருக்கேன்னு கேட்டா. சொன்னேன். எடுத்துப் போட்ட வளையலக் கையில இருந்து உருவிக்கிட்டா. அவ பேரச் சொல்லித் திட்டி, உங்க வீட்டுக்கு எங்க கடைச் சாமான் இனிமே வராதுன்னுட்டா. நான் நடுத்தெருவுல வெறுங்கையோட நின்னேன்." அம்மா அடுப்பைத் தணித்தாள். "ஞானபூரணம்னு பேரு. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம். இப்பவும் கடை இருக்கு. அங்கன போயிராத."

போயிராத என்று சொல்பவள் எதற்கு இடத்தைச் சொல்கிறாள்? மாரிச்செல்வி மறுநாளே போனாள்.

ஒடுங்கலான பேன்சி ஸ்டோர். கிளிப், ஹேர்பேண்ட், கவரிங் சங்கிலி என்று சரம் சரமாகத் தொங்கியதை விலக்கிக்கொண்டு பார்த்தால் உள்ளே ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி, நெற்றியில் ஒன்றுமில்லாமல், மூக்குக்கண்ணாடியோடு டப்பாக்களில் ஊசி பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கையிலிருந்த டப்பா சாய்ந்து ஊசிகள் மேசையெல்லாம் கொட்டின. கூட்டிப் பொறுக்கும் எண்ணமே அவளுக்கு வரவில்லை.

"சிவனாண்டி மகளா?" என்றாள். கேள்வியாகவே இல்லை அது.

"ஆமா ஆன்ட்டி. நான் காலேஜ்ல ஹிஸ்டரி படிக்கேன். ஒரு ப்ராஜெக்ட். எங்க வீட்டுக் கன்னியப் பத்தி—"

"மார்க்குக்கா?"

மாரிச்செல்வி கையிலிருந்த நோட்டைப் பைக்குள் திணித்தாள்.

"உங்க வீட்டு ஆளுக அவளக் கொன்னு தின்னாங்க. அப்புறம் பெட்டியில போட்டுச் சாமின்னாங்க. இப்ப நீ வந்து மார்க்கு வாங்கப் போற. இன்னும் அவகிட்ட எடுக்க என்னட்டி பாக்கி இருக்கு?"

மாரிச்செல்விக்கு அழுகை வருவதற்குப் பதிலாக எரிச்சல்தான் வந்தது. "எனக்கு யாரும் சொல்லல ஆன்ட்டி. வெள்ளக்காரன் காலத்துல செத்தான்னு சொல்லி வளத்திருக்காங்க. பெட்டியில ஸ்டிக்கர் பொட்டு கெடந்தத வச்சு நானாத்தான் கண்டுபிடிச்சேன். சொல்ல இஷ்டமில்லன்னா போறேன். திட்டு மட்டும் வாங்க வரல" என்றாள்.

"பொட்டு இருக்கா?" என்றாள் ஞானபூரணம். குரல் இறங்கிவிட்டது. "மெரூன் கலரா?"

"ஆமா."

"எங்கப்பா கடையில இருந்து நான் எடுத்துக் கொடுத்தது. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, வீட்டுல பொட்டு வைக்க மாட்டோம். அதனால அவளுக்கு வச்சுப் பாத்து ஆசையத் தீத்துக்கிடுவேன்."

பிறகு அவள் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். கோமதி சிவனாண்டிக்கு அக்கா. ஞானபூரணத்தின் அண்ணன் பெத்துராஜுக்கும் அவளுக்கும் பழக்கம். வெளியே தெரிந்ததும் கோமதி ஊரிலிருந்து கிளம்பி இவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெத்துராஜ் கல்யாணத்துக்கு உதவ நாகர்கோவிலில் ஆள் பார்க்கப் போயிருந்தான். மூன்றாம் நாள் காலையில் தம்பி சைக்கிளில் வந்தான். மீசை அரும்பாத பையன். திட்டவில்லை, கத்தவில்லை. கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்திருந்தான்.

"எக்கா, அம்மா சோறு திங்காமக் கெடக்கா. ஒரு தடவ மொகத்தக் காட்டிட்டு வந்துரு. ஒண்ணும் செய்ய மாட்டாங்க, நான் இருக்கேன்லான்னான். நாந்தான் போகாதட்டின்னு கையப் புடிச்சேன். இவன் என் தம்பிட்டின்னா. கேரியர்ல ஏறி உக்காந்தா. தெரு முக்கு திரும்பும்போது அவன் என்னமோ சொன்னான், இவ சிரிச்சா. நான் பாத்தது அதான். மறுநாள் வயித்துவலியில செத்துட்டான்னு தாக்கல் வந்துச்சு. உங்க ஆளுகள்ல கல்யாணம் ஆகாதவளப் புதைக்கிறதுதான வழக்கம்? அவள விடியுததுக்குள்ள எரிச்சிட்டாங்க. ஏன்னு நீயே யோசி. நீதான ஹிஸ்டரி படிக்கிறவ."

"அப்பா என்ன செஞ்சாருன்னு—"

"தெரியாது. அந்த வீட்டுக் கதவு உள்பக்கம் பூட்டியிருந்துச்சா வெளிப்பக்கம் பூட்டியிருந்துச்சா, அவன் எந்தப் பக்கம் நின்னான், எனக்குத் தெரியாது. தெரிஞ்சதத்தான் சொல்லுவேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எங்கண்ணன் அப்பப் போனவன்தான். இருக்கானா இல்லியான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஏட்டி, இங்க பாரு. எங்கிட்டக் கேட்டு அவ பேர உன் பேப்பர்ல போட்டு நீ பாஸாகக் கூடாது. உங்கப்பன் வாயால ஒரு தடவ அந்தப் பேரச் சொல்ல வை. அதுக்கப்புறம் எழுது. கல்லுல வேணும்னாலும் எழுது."

அன்றைக்குச் சாயங்காலமும் சிவனாண்டி கல்லூரி வாசலில் வந்து நின்றார். மாரிச்செல்வி ஏறி உட்கார்ந்தாள். கண்ணுக்கு நேரே அப்பாவின் பிடரி. நரைத்த முடி, வியர்வை, சட்டைக் காலரில் நைந்த நூல். இந்தப் பிடரியில் நரையில்லாமல் பருக்கள் இருந்த காலத்தில், பின்னால் உட்கார்ந்து ஒருத்தி இதையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். போகிற வழியில் சிரித்திருக்கிறாள். அப்படி என்ன சொல்லியிருப்பார்? வீடு நெருங்க நெருங்க அவளுக்கு எப்போது தெரிந்திருக்கும்? இடுப்பில் பிடித்திருந்த கையை எடுத்து, வண்டியின் பின்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த இடத்தில் அந்தக் கம்பி ஏற்கெனவே சூடாக இருந்தது.

"ஏன் தாயி சத்தத்தையே காணும்? யாரும் என்னமும் சொன்னாகளா?"

"இல்ல."

"எதுன்னாலும் சொல்லு. நான் இருக்கேன்லா."

இறங்கி ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அப்படியே பிடரியில் முகத்தை வைத்து அழவேண்டும் போலவும் இருந்தது. மாம்பழம் நறுக்கிக் கொடுத்த கை இதுதான். காய்ச்சலில் கிடந்தபோது விடிய விடிய விசிறியது இதுதான். அந்தக் கையின் இன்னொரு நாளை என்ன செய்வது, அதை எந்த ஆண்டு, எந்த அத்தியாயம் என்று போடுவது? ஒரு அரசனைப் பற்றி, கோயில் கட்டினான், தம்பியைக் கொன்றான் என்று அடுத்தடுத்த வரியில் எழுதிவிட முடிகிறது. அவன் யாருக்கும் அப்பா இல்லை. இருந்தாலும் பிள்ளைகள் செத்துப் போய்விட்டார்கள்.

மறுநாள் சாம்சன் சார் பேர் கிடைத்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை சார் என்றாள். கடைசித் தேதி நெருங்குது, கோயிலுக்கு மாறிக்கிடுதியா என்றார். மாறலை என்றாள்.

தை கடைசி வெள்ளிக்கிழமை பொழுது சாய, கிராமத்திலிருந்து பெரியப்பா சுடலைமணி குடும்பத்தோடு வந்தார். நடு அறையில் பெட்டியை இறக்கி வைத்து, பணியாரமும் சர்க்கரைப் பொங்கலும் பிச்சிப்பூவுமாகப் படையல் போட்டிருந்தார்கள். மாரிச்செல்வி தலைக்குக் குளித்து, போன வருஷம் கன்னிக்கு வைத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வருஷம் ஓலைக்குள் கிடந்த சேலை உடம்பில் ஒட்டாமல் மொடமொடத்தது. பெரியம்மா அவளைப் பார்த்துவிட்டு, "அப்படியே—" என்று தொடங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பலகையில் உட்காரவைத்து மடியில் திருநீற்றுத் தட்டைக் கொடுத்தார்கள்.

மூத்தவரான பெரியப்பா முதலில் விழுந்தார். "தாயே, தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்ச குத்தத்தப் பொறுத்து எங்க பிள்ளைகளக் காப்பாத்து" என்றார். சின்னதிலிருந்து வருஷா வருஷம் கேட்ட வரி. சாமிகளிடம் எல்லோரும் சொல்வதுதானே என்று அவள் நினைத்திருந்தாள். வருஷா வருஷம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அவள் கை தானாக எடுத்துப் பூசியது. பெரியம்மா விழுந்தாள். அம்மா விழுந்து எழும்போது மகளின் கண்ணைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள்.

கடைசியாக சிவனாண்டி வந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவருக்கு அந்த வரி வராது என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். உதடு மட்டும் தரையில் அசையும், எழுந்து நெற்றியை நீட்டுவார். அப்படியே நீட்டினார். மாரிச்செல்வி திருநீற்றைக் கை நிறைய அள்ளினாள். அள்ளியதை மூடிக்கொண்டாள்.

"எம் பேரச் சொல்லு" என்றாள்.

கற்பூரம் படபடத்தது. சிவனாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, என்ன வெளையாட்டு இது? பூசி விடு" என்று அதட்டினார் பெரியப்பா.

"எம் பேரச் சொல்லு. சொன்னாத்தான் திருநீறு."

அவள் யோசித்து வைத்திருந்த குரல் இல்லை அது. எங்கிருந்தோ தணிந்து, அவசரமே இல்லாமல் வந்தது. நடிக்கிறோமா என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதட்டிய பெரியப்பா அவள் முகத்தை இன்னொரு தடவை பார்த்தார். பார்த்துக்கொண்டே ஒரு அடி பின்னால் போனார். அவர் கைகள் தாமாகக் கூம்பின. "தாயே" என்றார், அவளிடம்.

சிவனாண்டி மறுபடி தரையில் கவிழ்ந்துவிட்டார். நெற்றி சிமெண்டில் முட்டும் சத்தம் கேட்டது. முதுகு ஏறி இறங்கியது. விலாவெலும்புகளுக்குள் எதுவோ வழி தேடி முட்டிக்கொண்டு அலைவது கண்ணுக்குத் தெரிந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் கிட்டே போகவில்லை. வெகு நேரம் கழித்து அந்த முதுகிலிருந்து ஒரு குரல் வந்தது. ஐம்பது வயதுக்காரர் குரல் இல்லை, உடையப்போகும் பருவத்துப் பையனின் குரல்.

"எக்கா."

மாரிச்செல்வி காத்திருந்தாள். அடுத்த சொல்லுக்காக அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவர் வாய் திறந்தபடியே தரையில் கிடந்தது. எவ்வளவு இறுக்கியும் நிற்காமல், அவளுடைய மூடிய கைக்குள்ளிருந்து திருநீறு விரலிடுக்கு வழியாக மெல்லிய இழையாக இறங்கி, அவர் நரைத்த முடிமேல், பிடரிமேல், நடுமுதுகின் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்தது.